ஆறு பேருக்கு ஒரு வான்கோழி: நத்தார் மேசைக்கு எப்படிச் சமைப்பது?

மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: இந்த நத்தாருக்குக் கனடாவிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது, எல்லாமாக ஆறு பேர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வான்கோழி வைக்க ஆசை. வீட்டில் இருப்பது மேசையில் வைக்கிற ஒரு சின்ன ஓவனும் இரண்டு அடுப்புள்ள கேஸ் குக்கரும்தான். முழுதாகச் சுடலாமா? எவ்வளவு பெரிய பறவை வாங்குவது? இறைச்சி காய்ந்துபோகாமல் இருக்க என்ன செய்வது?

தங்கச்சி, முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். முழுதாகச் சுடாதீர்கள். ஒரே பறவையை இரண்டு சமையலாகச் செய்யுங்கள். நெஞ்சைத் தோலோடும் எலும்போடும் தனியாக எடுத்து ஓவனில் சுடுங்கள். காலையும் செட்டையையும் தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்குங்கள். ஆறு பேருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பல வருடங்களுக்கு முன் ஒரு நத்தாருக்கு ஆறு கிலோ சேவல் ஒன்றை முழுதாகச் சுட நினைத்தேன். வீட்டு ஓவனுக்குள் அது போகாது. ஒரு பேக்கரியில் கேட்டு, அவர்கள் பாண் எடுத்த பிறகு போறணைக்குள் வைத்தோம். பாண் வேகிற சூட்டில் பறவையை வைக்கக் கூடாது என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ஒன்றரை மணித்தியாலத்தில் தோல் கரியாகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து தொடைப் பொருத்தில் கத்தியை விட்டால் இரத்தம் வடிந்தது. பூசை முடிந்து வந்த பத்துப் பேர் மேசையில் இருக்கிறார்கள். கருகிய தோலை உரித்துவிட்டு நெஞ்சில் வெந்த பகுதியை அரிந்து வைத்தேன், வாயில் தும்பு மாதிரி இருந்தது. காலை வெட்டித் தாச்சியில் போட்டுப் பால் விட்டுக் கறியாக்கினேன். சாப்பிடும்போது மூன்றரை மணி. கறிச்சட்டியை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டார்கள், நெஞ்சு அப்படியே மிஞ்சிக் கிடந்தது. அடுத்த வருடத்திலிருந்து பிரித்துத்தான் சமைக்கிறேன்.

இதற்குக் காரணம் பறவையின் உடம்பிலேயே இருக்கிறது. வான்கோழி நாள் முழுக்க நடந்து திரியும், எப்போதாவதுதான் படபடவென்று கொஞ்சத் தூரம் பறக்கும். நடக்கிற காலில் சதை கறுத்து, சதையைக் கட்டி வைத்திருக்கும் இணைப்பிழையமும் நரம்பும் நிறைந்திருக்கும். அந்த இணைப்பிழையம் இளகிப் பசையாக வேண்டுமானால் 80 பாகை செல்சியசுக்கு மேல் நெடுநேரம் வேக வேண்டும். நெஞ்சு வெள்ளைச் சதை, கொழுப்பு மிகக் குறைவு. 74 பாகையைத் தாண்டிப் போகப் போகத் தன்னிடமுள்ள தண்ணீரைப் பிழிந்து வெளியே விட்டுவிடும். முழுப் பறவையை ஓவனுக்குள் வைத்தால் கால் வேகும்வரை நெஞ்சு காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பில்தான் காய்கிறது. உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. இரண்டு விதமான இறைச்சியை ஒரே நேரத்தில் ஒரே சூட்டில் வேக வைப்பதில்தான் குறை.

சரி, பறவைக்கு வருவோம். ஆளுக்கு எலும்போடு அரைக் கிலோ காணும். ஆறு பேருக்குத் துப்புரவாக்கிய எடை மூன்று கிலோ. உயிரோடு நாலு கிலோ வரும் பேடு வாங்கினால் இறகும் குடலும் போய்க் கிட்டத்தட்ட முக்கால் பங்கு மிஞ்சும், கணக்குச் சரியாக வரும். சேவல் பெரிது, பார்க்க அழகு, ஆனால் உங்கள் ஓவனுக்கும் ஆறு பேருக்கும் பேடுதான் பொருத்தம்.

படுவான்கரைப் பக்கமும் செங்கலடிப் பக்கமும் வீட்டு வளவில் வான்கோழி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தெரிந்தவர்கள் மூலம் டிசம்பர் தொடக்கத்திலேயே சொல்லி வையுங்கள். வாங்கப் போகும்போது வயதைப் பாருங்கள், விலையை விட அதுதான் முக்கியம். நெஞ்செலும்பின் கீழ் நுனியை விரலால் அமத்திப் பாருங்கள். இளம் பறவையில் அந்த நுனி குருத்தெலும்பாக இருக்கும், வளைந்து கொடுக்கும். வயது போனதில் கல்லாக நிற்கும். கால் செதில்களும் இளசில் வழுவழுப்பாக இருக்கும், முற்றியதில் சொரசொரத்துத் தடித்திருக்கும். முற்றிய பறவைதான் கிடைத்தது என்றால் கவலைப்பட வேண்டாம், வாங்குங்கள். ஆனால் நெஞ்சைச் சுடும் எண்ணத்தை விட்டுவிட்டு முழுவதையும் கறியாக்குங்கள்.

அறுக்கக் கொடுக்கும்போது ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: தோலை உரிக்கக் கூடாது. எங்கள் ஊரில் கோழி என்றால் தோலோடு இறகையும் சேர்த்து ஒரே இழுவையில் உரித்துத் தருவதுதான் வழக்கம். கறிக்கு அது சரி. சுடுவதற்குத் தோல் வேண்டும், நெஞ்சுக்கு இருக்கிற ஒரே போர்வை அதுதான். கொதிக்கிற தண்ணீரில் முக்கினாலும் தோல் வெந்து கிழியும். கை வைக்க முடியாத சூடு, ஆனால் கொதி வராத தண்ணீர், 60 முதல் 65 பாகை, அதில் ஒரு நிமிடம் முக்கினால் இறகு சுகமாகக் கழன்று வரும். முதல் நாள் இரவிலிருந்து பறவைக்கு இரை போடாமல் தண்ணீர் மட்டும் வைக்கச் சொல்லுங்கள், குடல் துப்புரவாக இருக்கும். காத்தான்குடியிலிருந்தோ ஏறாவூரிலிருந்தோ சிநேகிதர்கள் சாப்பிட வருவார்கள் என்றால் ஹலால் முறையில் அறுப்பவரிடமே கொடுத்துவிடுங்கள். மேசையில் ஒருவருக்கு வேறு, மற்றவருக்கு வேறு என்று பிரிக்கிற சங்கடம் வராது.

அறுத்த அன்றே சமைக்காதீர்கள். உயிர் போனதும் சதை விறைக்கும், அந்த விறைப்பு இறங்க நேரம் வேண்டும். ஒரு முழு நாள் குளிரில் இருக்கட்டும். 25ஆம் திகதிச் சாப்பாட்டுக்கு 22ஆம் திகதி அறுப்பது அளவான கணக்கு.

டிசம்பர் மாதம் எங்களுக்கு மாரி. காற்றடித்தால் கரண்ட் போகும், மூன்று நாளும் பிரிட்ஜை நம்பிக்கொண்டிருக்க முடியாது. இதற்கு வழி எங்கள் மீன்காரரிடம் இருக்கிறது. ஒரு ரிஜிபோம் பெட்டியும் உடைத்த ஐசும் வாங்கி வையுங்கள். இறைச்சியை நல்ல பொலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, கீழும் மேலும் ஐஸ் போட்டு மூடிவிட்டால் கரண்ட் போனாலும் பயமில்லை. உருகும் தண்ணீரை வடித்துப் புது ஐஸ் போட்டுக்கொண்டே வர வேண்டும். பச்சை இறைச்சி 4 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். 4க்கும் 60க்கும் இடையில்தான் கிருமி வேகமாகப் பெருகும், எங்கள் குசினியின் சாதாரணச் சூடு சரியாக அதற்கு நடுவில் நிற்கிறது.

உறைய வைத்த வான்கோழியைச் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கினால் இரண்டு விஷயம். முதலாவது, பையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். உப்புத்தண்ணீர் ஏற்றியது என்று இருந்தால் நான் கீழே சொல்லும் உப்பைப் போடாதீர்கள், கரித்துப்போகும். இரண்டாவது, உருகும் நேரம். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்று கணக்கு, நாலு கிலோ பறவைக்கு இரண்டு முழு நாள். மேசையில் வைத்து உருக்கவே வேண்டாம். உள்ளே கல்லாக இருக்கும்போதே வெளிச்சதை கெடத் தொடங்கிவிடும். அவசரம் என்றால் பையோடு குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அரைக் கிலோவுக்கு அரை மணித்தியாலம் பிடிக்கும். எங்கள் குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் அவ்வளவு குளிர் இல்லை, ஒவ்வொரு முறையும் ஒரு கை ஐஸ் போடுங்கள்.

23ஆம் திகதி காலை வெட்டுங்கள். பறவையை மல்லாக்கப் போட்டு, தொடையை வெளிப்பக்கம் விரித்து அமத்தினால் பொருத்து 'டக்' என்று கழன்று வெளியே தெரியும். அந்த இடத்தில் கத்தி விட்டால் எலும்பில் படாமல் வந்துவிடும். செட்டையும் அப்படியே. பிறகு விலா எலும்பு வழியாகக் கத்தரிக்கோலால் இரண்டு பக்கமும் வெட்டி முதுகைப் பிரித்தெடுங்கள். கையில் மிஞ்சுவது எலும்போடும் தோலோடும் இருக்கிற முழு நெஞ்சு, ஒன்றேகால் கிலோ அளவில் வரும். உங்கள் சின்ன ஓவனுக்குள் அழகாக உட்காரும், மேசையில் வைத்தாலும் பார்வையாக இருக்கும்.

கோழி வெட்டிப் பழகியவர்களும் வான்கோழியில் தவறவிடுகிற ஒரு வேலை இருக்கிறது. கீழ்க்காலில், அதாவது கோழியில் பிள்ளைகள் கையில் பிடித்துச் சாப்பிடுகிற துண்டில், வான்கோழிக்கு நரம்புகள் எலும்பாகவே இறுகிப்போயிருக்கும். ஈர்க்குப்போல நீளமாக, வெள்ளையாக, கூராக. எத்தனை மணித்தியாலம் வேக வைத்தாலும் அவை இளகாது, பிள்ளைகளின் தொண்டையில் குத்தும். கணுக்காலைச் சுற்றித் தோலை வட்டமாகக் கீறி, நரம்பின் நுனியைத் துப்புரவாகக் கழுவிய குறட்டால் பிடித்து, மற்றக் கையால் காலை அமத்திக்கொண்டு நிதானமாக இழுங்கள். முதலில் அசையாது. பிறகு சதைக்குள்ளிருந்து உருவிக்கொண்டு முழு நீளத்துக்கும் வரும். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பதினைந்து நிமிட வேலை. அண்ணனின் பிள்ளைகள் முள்ளுக்குப் பயப்படாமல் சாப்பிடலாம்.

கழுவுவதைப் பற்றி. பச்சைப் பறவையைக் குழாய்க்குக் கீழே பிடித்துக் கழுவக் கூடாது, தெறிக்கிற துளியோடு கிருமி குசினி முழுக்கப் போகும் என்கிறார்கள். அது உண்மை. ஆனால் மஞ்சளும் தேசிக்காயும் போட்டுக் கழுவாமல் எங்களுக்கு மனம் கேட்காது. கழுவுவதென்றால் குழாயைத் திறந்துவிடாமல் ஒரு பேசினில் தண்ணீர் எடுத்துத் தெறிக்காமல் கழுவுங்கள். பக்கத்தில் சலாட்டுக்கு வெட்டிய மரக்கறி இருக்கக் கூடாது. முடிந்ததும் பேசின், பலகை, கத்தி எல்லாம் சவர்க்காரம் போட்டுத் தேயுங்கள். நெஞ்சுத் துண்டைக் கழுவிய கையோடு துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். ஈரத் தோல் சிவக்காது, அவியும்.

இப்போது உப்பு. இந்தச் சமையலில் ஒரே ஒரு காரியத்தை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். எலும்போடு 100 கிராமுக்கு 1 கிராம் உப்பு. ஒன்றேகால் கிலோ நெஞ்சுக்கு 12 கிராம், தூள் உப்பில் மட்டமாக இரண்டு தேக்கரண்டி. தோலையும் சதையையும் பிரிக்கிற சவ்வுக்குள் விரலை நுழைத்து, தோல் கிழியாமல் மெதுவாக முன்னோக்கித் தள்ளுங்கள், ஒரு பை போலத் திறக்கும். உப்பில் பெரும்பகுதியை அந்தப் பைக்குள் சதையில் நேரே தடவுங்கள், மீதியை எலும்புப் பக்கம். மூடாமல் ஒரு தட்டில் வைத்து, பிரிட்ஜின் அடித்தட்டில் 25 காலைவரை விடுங்கள். முதலில் உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும், ஒரு மணித்தியாலத்தில் மேலெல்லாம் வியர்த்தமாதிரி நிற்கும். பயந்துபோய்த் துடைக்காதீர்கள். அந்தத் தண்ணீரில் உப்புக் கரைந்து திரும்பச் சதைக்குள்ளேயே போகும். போய், சதையின் இறுக்கத்தைத் தளர்த்தி, வேகும்போது தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ள வைக்கும். இரண்டாம் நாள் தோல் காகிதம் போலக் காய்ந்திருக்கும், அது ஓவனில் மொறுமொறுக்கும். ஐஸ் பெட்டியில்தான் வைக்க வேண்டிய நிலை என்றால் பையில் கட்டி வையுங்கள், தோல் அவ்வளவு மொறுமொறுக்காது, இறைச்சி அதே பதமாக வரும்.

24ஆம் திகதிதான் பெரிய வேலை நாள். காலையில் முதுகெலும்பு, கழுத்து, செட்டை நுனி எல்லாவற்றையும் பெரிய சட்டியில் போட்டு, ஒரு பம்பாய் வெங்காயம், பத்து மிளகு, ஒரு துண்டு கறுவா, ஒரு ரம்பைத் துண்டு சேர்த்து, மூடும் அளவு தண்ணீர் விட்டுச் சின்ன நெருப்பில் மூன்று மணித்தியாலம் விடுங்கள். உப்புப் போட வேண்டாம். இந்தச் சாறு கிரேவிக்கும் சோற்றுக்கும் வேண்டும். ஈரலைத் தனியாக எடுத்து மிளகும் உப்பும் போட்டுப் பொரித்து, சமைக்கிறவர் சுடச்சுடச் சாப்பிடட்டும்.

பிறகு கறி. கறி முதல் நாள் வைப்பதுதான் ருசி, மறுநாள் தூள் இறைச்சிக்குள் இறங்கியிருக்கும். காலும் தொடையும் செட்டையும் எலும்போடு வெட்டி, உப்பு, ஒரு தேக்கரண்டி மஞ்சள், மூன்று மேசைக்கரண்டி கறித்தூள், ஒரு தேசிக்காய்ப் புளி போட்டுப் பிசைந்து ஒரு மணித்தியாலம் குளிரில் வையுங்கள். தாச்சியில் தேங்காய் எண்ணெய் விட்டு, கராம்பு, ஏலக்காய், கறுவா, ரம்பை, கறிவேப்பிலை, இரண்டு பம்பாய் வெங்காயம், கீறின பச்சைக் கொச்சிக்காய் நாலு. வெங்காயம் பொன்னிறமானதும் அம்மியில் அரைத்த இஞ்சியும் உள்ளியும் இரண்டு மேசைக்கரண்டி. பச்சை மணம் போனதும் இறைச்சியைப் போட்டுப் பெரிய நெருப்பில் பத்து நிமிடம் பிரட்டுங்கள், அதன் தண்ணீர் வற்றி எண்ணெய் தெரியும்வரை. இந்தப் பத்து நிமிடத்தைச் சுருக்காதீர்கள். கோழியை விட வான்கோழிக்கு மணம் கொஞ்சம் கனம், அந்தக் கனம் இங்கேதான் அடங்கும்.

இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் விட்டு, மூடி, அடுப்பை முடிந்த அளவு குறையுங்கள். ஊர்ப் பறவைக்கு ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம், உறைய வைத்து வருவது இளசு என்பதால் ஒரு மணித்தியாலம். பிரஷர் குக்கரில் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும், ஆனால் குழம்பு தண்ணியாக வரும், திறந்துவைத்து வற்ற விட வேண்டும். கரண்டியால் தொட்டால் சதை எலும்பிலிருந்து விலக வேண்டும், அதுதான் பதம். முதற்பாலை 24இல் விடாதீர்கள். கறியை ஆற வைத்துக் குளிரில் வைத்துவிட்டு, 25 மத்தியானம் நன்றாகக் கொதிக்க வைத்து, இறக்குவதற்குக் கொஞ்சம் முன் முதற்பாலும் வறுத்துப் பொடித்த மிளகு, பெருஞ்சீரகமும் சேருங்கள். பால் புதிதாக இருக்கும், கறியும் கெடாது.

25 காலை. நள்ளிரவுப் பூசைக்குப் போய்வந்த வீட்டில் யாரும் விடிய எழும்ப மாட்டார்கள், எழும்பவும் தேவையில்லை. ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால் பத்தரைக்கு நெஞ்சைக் குளிரிலிருந்து எடுத்தால் போதும். 75 கிராம் உப்பில்லாத பட்டர், தட்டிய உள்ளி ஆறு பல், இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய கறிவேப்பிலை, தேசிக்காய்த் தோலின் பச்சைப் பகுதியை மட்டும் சீவிய துருவல், ஒரு சிட்டிகை கறுவாத்தூள் எல்லாம் குழைத்து, அன்றைக்குத் திறந்த அதே தோல் பைக்குள் திணித்து வெளியிலிருந்து கையால் தடவிப் பரப்புங்கள். மிளகும் கறுவாவும் டச் பார்ப் பக்கத்துப் பறங்கி அன்ரி ஒருவரிடம் நான் பழகியது. எங்கள் குசினியிலும் மேசையிலும் போர்த்துக்கேயர் விட்டுப்போனது எவ்வளவோ இருக்கிறது. நத்தார், பாண், போறணை, குசினி, மேசை எல்லாம் அவர்கள் சொற்கள். 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டி, 1638இல் அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள், சொற்கள் மட்டும் போகவில்லை. வான்கோழியோ அவர்களுடையதும் அல்ல, ஒல்லாந்தருடையதும் அல்ல. மெக்சிக்கோவிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன பறவை. ஒல்லாந்தர் அதைக் கள்ளிக்கோட்டைக் கோழி என்று பெயரிட்டுக் 'கல்கூன்' என்றார்கள். சிங்களத்தில் இன்றும் அது 'களுகுமா'.

ஓவனை 180 பாகைக்கு இருபது நிமிடம் முன்னாலேயே சூடாக்குங்கள். தட்டில் தடிப்பாக வெட்டிய வெங்காயத்தைப் பரப்பி, அதன் மேல் நெஞ்சைத் தோல் மேலே தெரிய வைத்து, அடியில் அரைக் கோப்பை சாறு விடுங்கள். சின்ன ஓவனில் மேற்கம்பி தோலுக்கு மிகக் கிட்ட இருக்கும், அதனால் கீழ்த்தட்டில் வையுங்கள். தோல் சீக்கிரம் கறுத்தால் அலுமினியத் தாளை மேலே சும்மா போர்த்துவிடுங்கள். ஒரு மணித்தியாலத்தில் பார்க்கத் தொடங்குங்கள், ஒன்றேகால் மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு மேசைக்கரண்டி தேனைச் சுடுதண்ணீரில் இளக்கித் தோலில் பூசுங்கள். மீன் பாடும் தேன்நாட்டில் இருந்துகொண்டு போத்தல் சோஸ் பூச எனக்கு மனம் வரவில்லை. தேனை முதலிலேயே பூசினால் கருகும்.

இறைச்சிக்குள் குத்திப் பார்க்கிற வெப்பமானி ஒன்றைத் தயவுசெய்து வாங்குங்கள். நெஞ்சின் தடித்த இடத்தில், எலும்பில் முட்டாமல் குத்தினால் 74 பாகை காட்ட வேண்டும். நான் 71இல் எடுத்துத் தாளால் மூடி வைப்பேன், உள்ளிருக்கும் சூடே மீதியை ஏற்றிவிடும். பத்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும், 74 வராவிட்டால் திரும்ப உள்ளே. வெப்பமானி இல்லை என்றால் தடித்த இடத்தில் எலும்புவரை கீறிப் பாருங்கள். சாறு தெளிவாக வர வேண்டும், சதையில் கண்ணாடிபோல் மினுங்கும் இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. நிறத்தை மட்டும் நம்புவது முழுப் பாதுகாப்பு இல்லை, அதனால் சந்தேகம் வந்தால் இன்னும் பத்து நிமிடம் வையுங்கள்.

எடுத்த பிறகு இருபது நிமிடம் தொடாதீர்கள். சுடச்சுட வெட்டினால் பலகை முழுக்கச் சாறு ஓடும், அது இறைச்சிக்குள் இருக்க வேண்டிய சாறு. அந்த நேரத்தில் கிரேவி செய்யுங்கள். தட்டில் நிற்கும் கொழுப்பில் இரண்டு மேசைக்கரண்டியை ஒரு சட்டியில் எடுத்து, அதே அளவு கோதுமை மா போட்டுப் பொன்னிறமாக வறுத்து, இரண்டு கோப்பை சாறும் தட்டில் ஒட்டியதைச் சுரண்டியதும் சேர்த்துக் கட்டி தட்டாமல் கிண்டுங்கள். மிளகு, கொஞ்சம் வினாகிரி. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், தட்டுச் சாற்றில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது.

வெட்டும்போது நெஞ்செலும்பின் ஒரு பக்கமாகக் கத்தியை இறக்கி முழுப் பாதியையும் எடுத்துவிட்டு, பிறகு சதையின் இழைக்குக் குறுக்கே அரை விரல் தடிப்பில் அரியுங்கள். இழை வழியே அரிந்தால் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் நார்நாராக இருக்கும்.

ஓவன் பழுதாகிவிட்டது, அல்லது கரண்ட் இல்லை என்றால், அடி தடித்த சட்டியில் பட்டர் விட்டு நெஞ்சின் தோல் பக்கத்தை முதலில் சிவக்க வைத்து, திருப்பி, வெங்காயமும் அரைக் கோப்பை சாறும் போட்டு இறுக மூடிச் சின்ன நெருப்பில் 50 நிமிடம் வையுங்கள். கடைசியில் ஆவி போகக் கொஞ்சம் திறந்துவிட்டு, உலோக மூடியின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்பிக் கால் மணித்தியாலம் விட்டால் தோலுக்கு நிறம் வரும். ஓவன் மொறுமொறுப்பு வராது. ஆனால் இறைச்சி ஓவனை விட மெதுமையாக இருக்கும், சில வருடம் எனக்கு இதுவே அதிகம் பிடித்திருக்கிறது.

பக்கத்தில் என்ன வைப்பது? அந்தச் சாற்றிலேயே ஆக்கிய மஞ்சள் சோறு, கஜுக்கறி, கத்தரிக்காய் மோஜு, அன்னாசியும் வெள்ளரிக்காயும் வெட்டின சலாட் காணும். அண்ணன் வீட்டார் அங்கே வான்கோழியோடு சாப்பிடுகிற புளிப்பும் இனிப்புமான சிவப்புச் சோசைத் தேடினால், விளாம்பழ ஜாம் நாலு மேசைக்கரண்டியை ஒரு தேசிக்காய்ப் புளி, ஒரு தட்டிய செத்தல் கொச்சிக்காய், கொஞ்சம் சுடுதண்ணீரோடு இளஞ்சூட்டில் கரைத்து வையுங்கள். பறவையின் வயிற்றுக்குள் எதையும் அடைக்க வேண்டாம், இந்த முறையில் வயிறே இல்லை. பாண்தூள் கலவை ஆசை என்றால் தனித் தட்டில் சுடுங்கள்.

மிஞ்சியதை மேசையில் மாலைவரை வைக்காதீர்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள், புழுக்கமான நாள் என்றால் ஒரு மணித்தியாலத்துக்குள், நெஞ்சை எலும்பிலிருந்து பிரித்துப் பிரிட்ஜில் வைக்க வேண்டும். மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். நெஞ்சுத் துண்டுகள் கொத்து ரொட்டிக்கு நன்றாக இருக்கும், முட்டையும் லீக்சும் அதிகம் போட்டுக் கொத்துங்கள்.

கறியில் ஒரு சட்டியை மட்டும் முதற்பால் விடாமல் எடுத்து வையுங்கள், அது 26 காலைக்கு. அன்றைக்கு நாங்கள் சுனாமியில் போனவர்களுக்காக விடியவே கடற்கரைக்கு விளக்கேற்றப் போவோம், உங்கள் வீட்டிலும் போவீர்கள். திரும்பி வந்து அடுப்பு மூட்ட யாருக்கும் மனம் இருக்காது. பிட்டை மட்டும் அவித்து, கறியை நன்றாகக் கொதிக்க வைத்து இறக்கினால் வந்தவர்கள் சாப்பிடுவார்கள்.